கல், உப்பு, கோதுமை: நிலக்கலையின் சூழல் உரிமைகோரலை மதிப்பிடல்

1. கேள்வி

1960களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில கலைஞர்கள் காட்சிக்கூடத்தை விட்டு வெளியேறினர். பாலைவனத்திலும் உப்பு ஏரியிலும் மேய்ச்சல் நிலத்திலும் ஆற்றுப்படுகையிலும் வேலை செய்யத் தொடங்கினர். 1968 அக்டோபரில் நியூயார்க்கின் ட்வான் காட்சிக்கூடத்தில் நடந்த ‘எர்த்வொர்க்ஸ்’ கண்காட்சியும், 1969 பிப்ரவரியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ‘எர்த் ஆர்ட்’ கண்காட்சியும் நிலக்கலை எனப்படும் இந்தப் போக்கைப் பலரும் அறியச் செய்தன. மண், கல், சுள்ளி, இலை, பனிக்கட்டி ஆகியவை சிற்பத்தின் மூலப்பொருள்களாயின. வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் இருந்த இடத்தைச் சேறு பிடித்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் இப்படைப்புகள் பெரும்பாலும் ‘சூழல் கலை’ என்ற தலைப்பின்கீழ் ஒன்றாக வைக்கப்படுகின்றன. இவ்வகைப்படுத்தலுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது. மூலப்பொருள் இயற்கையிலிருந்து வந்தது, படைப்பு திறந்த வெளியில் நிற்கிறது, காலப்போக்கில் இயற்கையோடு கலந்துவிடுகிறது, ஆகவே அது இயற்கைக்கு நட்பானது என்பதே அது. இவ்வனுமானம் எவ்வளவு தூரம் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு படைப்பைச் சூழல் சார்ந்தது என அழைக்க அதன் மூலப்பொருளும் அழியும் தன்மையும் போதுமான சான்றுகளா? போதாது என்றால் வேறு எதைக் கொண்டு அளப்பது?

2. இதுவரையிலான புரிதல்

தொடக்கக் கால விமர்சனம் இக்கேள்வியை எழுப்பவில்லை. 1979இல் வெளியான ரோசலிண்ட் கிராஸின் புகழ்பெற்ற கட்டுரை, சிற்பம் என்னும் வகைமை எப்படி விரிந்துவிட்டது என்பதை நிலக்காட்சி, கட்டடக்கலை ஆகியவற்றுக்கு இடையிலான தர்க்க உறவுகளாக வரைந்து காட்டியது. அமைப்பியல் நோக்கில் அது கூர்மையான ஆய்வு. ஆனால் அதில் நிலம் ஒரு தர்க்கக் கூறாகவே இருக்கிறது. அங்கே வாழும் உயிர்களும் அதன்மீது உரிமை உடையவர்களும் அந்த வரைபடத்தில் இல்லை.

எதிர்ப்பக்க வாதம் மெய்யியல் துறையிலிருந்து வந்தது. இயற்கை அழகியல் குறித்து எழுதிவந்த ஆலன் கார்ல்சன், இத்தகைய படைப்புகள் இயற்கைக்கு இழைக்கப்படும் அழகியல் அவமதிப்பா என்று 1986இல் கேட்டார். ஓர் இடத்தின் இயல்பான அழகியல் பண்புகளைக் கலைஞர் தம் விருப்பத்துக்கேற்ப மாற்றிவிடுகிறார் என்பது அவருடைய கவலை. 2010இல் வெளிவந்த தம் நூலில் அமாண்டா போட்கெஸ் வேறு திசையில் சென்றார். சிறந்த நிலக்கலை பூமியை வசப்படுத்துவதில்லை; மனித அறிவுக்குள் பூமி முழுமையாக அடங்காது என்பதை உணரவைக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. 1983இல் இக்கலையைத் தொல்பழங்காலக் கற்சின்னங்களோடு இணைத்துப் பார்த்த லூசி லிப்பார்ட், 2014இல் எழுதிய நூலில் கவனத்தைச் சரளைக்கல் குழிகள், சுரங்கங்கள், தண்ணீர் உரிமை ஆகியவற்றின் பக்கம் திருப்பினார். அமெரிக்க மேற்கின் நிலப் பயன்பாட்டு அரசியலைத் தவிர்த்துவிட்டு நிலக்கலையைப் பேச முடியாது என்ற இடத்துக்கு அவர் வந்துசேர்ந்திருந்தார்.

இந்தப் பார்வைகளில் முதல் மூன்றும் படைப்பு உருவாகும் தருணத்தையோ, அதைப் பார்ப்பவர் பெறும் அனுபவத்தையோ மையமாகக் கொள்கின்றன. லிப்பார்ட் மட்டுமே நிலத்தின் வரலாற்றுக்குள் செல்கிறார். கலைஞர் ஊர் திரும்பிய பின் அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று, அதை யார் கவனித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கமான தரவரிசை மாறிவிடும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

3. ரோசல் முனை: இயற்கை எனத் தோன்றுவது

இவ்வாதத்துக்கு முதன்மையான சான்று ராபர்ட் ஸ்மித்சன் (1938–1973) உருவாக்கிய ‘ஸ்பைரல் ஜெட்டி’. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரும் உப்பு ஏரியின் வடகிழக்குக் கரையான ரோசல் முனையில் 1970 ஏப்ரலில் இது அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட இடஞ்சுழிப் பாதை இது. கரையோரத்திலிருந்து எடுத்த 6,000 டன்னுக்கும் அதிகமான கரும்பாறைக் கற்களையும் மண்ணையும் லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் ஏரிக்குள் கொட்டின. செலவுக்குக் காட்சிக்கூட உரிமையாளர் வெர்ஜீனியா ட்வான் உதவினார்.

கல், உப்பு, நீர் என மூலப்பொருள்கள் அனைத்தும் அவ்விடத்துக்கே உரியவை. ஆனால் ஸ்மித்சன் அங்கே தேடிச் சென்றது கன்னி நிலத்தை அல்ல. அவரைக் கவர்ந்தது ஏரியின் சிவந்த நிறம். அந்நிறத்துக்கு உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளும் பாசிகளும் காரணம். அவை அவ்வளவு பெருகியதற்கு ஒரு ரயில்பாதை காரணம். ஏரியின் குறுக்கே முன்பு மரக்கால்களின்மேல் ஓடிய பாதைக்குப் பதிலாக 1959இல் பாறைக்கரை போடப்பட்டது. நன்னீர் கொண்டுவரும் ஆறுகள் தெற்கே கலப்பதால், கரைக்கு வடக்கே இருந்த பகுதி நன்னீர் குறைந்து மிகுந்த உப்புத்தன்மை அடைந்தது. பார்வையாளர் வியக்கும் செந்நீர் ஒரு போக்குவரத்துக் கட்டுமானத்தின் விளைவு. அருகிலேயே கைவிடப்பட்ட எண்ணெய்த் துளையிடும் முயற்சிகளின் சிதைவுகளும் கிடந்தன. குலைவு, தேய்மானம், ஒழுங்கு கெடுதல் ஆகியவற்றில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த ஸ்மித்சனுக்கு அச்சிதைவுகளும் அவ்விடத்தின் ஈர்ப்பில் ஒரு பகுதி.

அவர் தம்மைச் சூழல் ஆர்வலராக முன்னிறுத்திக்கொண்டவர் அல்லர். வான்கூவருக்கு அருகே ஒரு சிறு தீவை உடைந்த கண்ணாடித் துண்டுகளால் மூட அவர் போட்ட திட்டம், சூழல் ஆர்வலர்களின் எதிர்ப்பால் 1970இன் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. ‘ஸ்பைரல் ஜெட்டி’ அதற்குச் சில வாரங்களுக்குப் பின் வந்தது. அழகிய பசுமையைக் காப்பது என்னும் நோக்கைவிடத் தொழில்துறை கைவிட்ட நிலங்களோடு கலை என்ன செய்யலாம் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. 1971இல் நெதர்லாந்தின் எம்மன் நகருக்கருகே ஒரு மணல் குவாரியில் அவர் படைப்பொன்றை அமைத்தார். சுரங்க நிறுவனங்களை அணுகி, தோண்டி முடித்த குழிகளில் கலையை உருவாக்கலாம் என்று முன்மொழிந்தார். 1973 ஜூலையில் டெக்சாஸில் மற்றொரு படைப்புக்கான இடத்தை விமானத்திலிருந்து பார்வையிடும்போது விபத்தில் இறந்தார்.

படைப்பின் பிந்தைய வாழ்க்கை இங்கிருந்து தொடங்குகிறது. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து சுருளை மூழ்கடித்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அது பெரும்பாலும் நீருக்கடியிலேயே இருந்தது. உலகம் அதை ஒளிப்படங்களிலும் ஸ்மித்சன் எடுத்த திரைப்படத்திலும் மட்டுமே பார்த்தது. 2002 வாக்கில் வறட்சியால் நீர் இறங்கியபோது உப்புப் படிந்து வெண்மையாக வெளிப்பட்டது. 1999இல் டியா கலை அறக்கட்டளை இதைக் கொடையாகப் பெற்றிருந்தது. வண்டலும் உப்பும் சேர்ந்து கற்களின் உயரத்தைக் குறைத்துவிட்டதால் புதிய கற்களை இட்டு உயர்த்த வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. குலைவையே கருப்பொருளாக்கிய படைப்பைப் பழுதுபார்ப்பது அதன் தர்க்கத்துக்கு எதிரானது என்ற வாதமும் வலுவானதே. கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தின் துணையோடு வானிலிருந்து தொடர்ந்து படமெடுத்து மாற்றங்களைப் பதிவுசெய்யும் வழியை அறக்கட்டளை மேற்கொண்டது.

இப்பதிவுகள் இன்று வேறொன்றையும் சொல்கின்றன. பெரும் உப்பு ஏரி சுருங்கிக்கொண்டிருக்கிறது. அதில் சேர வேண்டிய ஆற்றுநீரில் பெரும்பகுதி வேளாண்மைக்கும் நகரங்களுக்கும் திருப்பப்படுகிறது. வெப்பமாதலும் வறட்சியும் அதன்மேல் சுமையேற்றுகின்றன. 2022இல் நீர்மட்டம் பதிவு வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டது. காய்ந்த படுகையிலிருந்து ஆர்சனிக் கலந்த புழுதி எழுந்து மக்கள் வாழும் பகுதிகளை அடைகிறது. நீருக்குள் நீட்டிக் கட்டிய சுருளைச் சுற்றி இப்போது பெரும்பாலும் உலர்ந்த உப்புத்தரையே இருக்கிறது. ஸ்மித்சன் திட்டமிடாத வகையில் அவருடைய கற்கள் ஏரியின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலாகிவிட்டன.

இன்னொரு நிகழ்வும் கணக்கில் கொள்ளத்தக்கது. 2008இல் அப்பகுதியில் எண்ணெய்த் துளையிடும் திட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கான எதிர்ப்புக் கடிதங்கள் யூட்டா அரசைச் சென்றடைந்தன. அவற்றை எழுதத் தூண்டியது இந்தக் கலைப்படைப்பு. சூழல் நோக்கமே இல்லாத, இயந்திரங்களால் கொட்டப்பட்ட கற்கள் ஒரு நிலப்பரப்புக்குக் காவலர்களைத் திரட்டித் தந்தன.

இந்த விளைவு எல்லாப் பெரும்படைப்புகளுக்கும் வாய்க்கவில்லை. மைக்கேல் ஹைசர் 1969–70இல் நெவாடாவின் மார்மன் மேட்டுநிலத்தில் 2,40,000 டன் பாறையை அகற்றி இரண்டு பெரும் வெட்டுகளை உருவாக்கினார். ‘டபுள் நெகட்டிவ்’ எனப்படும் அந்தப் படைப்பின் ஓரங்கள் இன்று சரிந்துவருகின்றன. அங்கும் மூலப்பொருள் இயற்கையே. ஆனால் அந்த வெட்டிலிருந்து நிலத்துக்கு எந்தக் கடப்பாடும் பிறக்கவில்லை.

4. மென்மையான கை

பெரும் இயந்திரங்களுக்கு மாற்றாக விமர்சகர்கள் பொதுவாகச் சுட்டுவது பிரிட்டிஷ் கலைஞர்களை. ரிச்சர்ட் லாங் 1967இல், கலைக்கல்லூரி மாணவராக இருந்தபோது, ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து புல்லைப் படியவைத்து ஒரு கோட்டை உருவாக்கி ஒளிப்படம் எடுத்தார். சில நாட்களில் புல் நிமிர்ந்திருக்கும். படம் இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்டி கோல்ட்ஸ்வர்தி (பிறப்பு 1956) இலைகளை முட்களால் கோத்து, பனிக்கட்டிகளை எச்சிலால் ஈரப்படுத்தி ஒட்டி, கற்களைச் சாந்தின்றி அடுக்கிப் படைப்புகளை அமைக்கிறார். அவரைப் பற்றித் தாமஸ் ரீடல்ஷைமர் 2001இல் வெளியிட்ட ஆவணப்படத்தில், நீர்க்கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளால் கட்டிய குவிமாடத்தை ஓதம் தூக்கிச் சுழற்றிக் கொண்டுசெல்லும் காட்சி உண்டு. அழிவு அங்கே படைப்பின் இறுதிக் கட்டம்.

இந்தக் கலைஞர்களின் நேர்மையை ஐயுறக் காரணமில்லை. ஆயினும் மென்மையை அப்படியே சூழல் நன்மையாக எடுத்துக்கொள்வதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, மறைந்துபோகும் படைப்பு உண்மையில் மறைவதில்லை. அது ஒளிப்படமாக, நூலாக, காட்சிக்கூட விற்பனைப் பொருளாக நிலைபெறுகிறது. புல்வெளி தன் நிலைக்குத் திரும்பிய பின்னும் கலைச்சந்தையில் அதன் படம் வாழ்கிறது. லாங்கின் நடைகள் பெரு, இமயமலை, சகாரா எனப் பரவியவை. அங்கே செல்ல விமானம் வேண்டும். காலடித் தடம் புல்லில் மட்டுமே பதிகிறது எனக் கொள்வது குறுகிய கணக்கு.

இரண்டாவது, ஒருவர் செய்யும்போது தீங்கற்றது ஆயிரம் பேர் செய்யும்போது அப்படி இருப்பதில்லை. ஆற்றங்கரைகளிலும் கடற்கரைகளிலும் கல் அடுக்கும் பழக்கம் இன்று உலகெங்கும் சுற்றுலாப் பயணிகளிடம் பரவியிருக்கிறது. ஓடைக்கற்களின் அடியில் பூச்சிகளும் மீன்முட்டைகளும் நீர்ப்பல்லிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா, ‘ஹெல்பெண்டர்’ எனப்படும் பெரிய நீர்ச்சாலமாண்டரின் வாழிடம் அழிவதால் ஓடைக்கற்களை நகர்த்தக் கூடாது என்று பார்வையாளர்களை எச்சரிக்கிறது. நகர்த்தப்படுவது இயற்கைக் கல் என்பதால் அந்த உயிருக்கு இழப்பு குறைவதில்லை.

மூன்றாவது, அழிந்துவிடும் படைப்பு பொறுப்பிலிருந்தும் விடுபட்டுவிடுகிறது. ஓதம் கொண்டுபோன குவிமாடத்துக்கும் அந்த ஆற்றுமுகத்துக்கும் அதன்பின் உறவில்லை. ஆறு மாசுபட்டாலும் படைப்பின் பொருள் மாறுவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோர்ம் கிங் கலை மையத்தில் கோல்ட்ஸ்வர்தி 1997–98இல் அமைத்த 2,278 அடி நீளக் கற்சுவர் இதற்கு மறுதலை. பழைய பண்ணைச் சுவரின் எச்சத்திலிருந்து தொடங்கி, மரங்களைச் சுற்றி வளைந்து, குளத்துக்குள் இறங்கி, மறுகரையில் ஏறுகிறது அது. அங்கே மரம் வளர்கிறது, சுவர் அதற்கு இடம்விட வேண்டியிருக்கிறது, யாரோ ஒருவர் இரண்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. மறைந்துபோகும் படைப்புகளைவிட இந்நிலையான சுவரே நிலத்தோடு நீண்ட உரையாடலில் இருக்கிறது.

5. யாருடைய மண்?

மூலப்பொருள் குறித்த பேச்சு மறைக்கும் மற்றொன்று உரிமை. 1989இல் பாரிஸில் ஜான்-உபேர் மார்ட்டின் ஒருங்கிணைத்த ‘மாஜிசியேன் த லா தெர்’ கண்காட்சி, மேற்கத்தியக் கலைஞர்களையும் பிற உலகப் பகுதிகளின் கலைஞர்களையும் சம எண்ணிக்கையில் ஒருசேர வைக்க முயன்றது. அதில் ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு ஊரைச் சேர்ந்த வார்ல்பிரி மக்கள் தரையில் மண் ஓவியம் ஒன்றை அமைத்தனர். அதற்குப் பின்னிருந்த சுவரில் லாங் சேற்றால் பெருவட்டம் ஒன்றை வரைந்தார். இரண்டும் மண்ணால் ஆனவை. வார்ல்பிரி மக்களுக்கு அத்தரை ஓவியம் குறிப்பிட்ட இடங்களோடும் மூதாதையரோடும் அவற்றைக் காக்கும் கடமையோடும் பிணைந்தது. லாங்கின் வட்டம் எந்தச் சுவரிலும் இடம்பெறலாம். சுவரில் உயர்ந்து நின்ற வட்டம் தரை ஓவியத்தின்மேல் ஆதிக்கம் செலுத்துவதாகப் பல விமர்சகர்கள் குறைகூறினர். மூலப்பொருளின் ஒற்றுமை, நிலத்தோடான உறவின் வேற்றுமையை மூடிவிடும் என்பதற்கு இந்நிகழ்வு தெளிவான சான்று.

அமெரிக்கப் பாலைவனப் படைப்புகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். வெறுமை என்று கலைஞர்கள் கொண்டாடிய அந்நிலம் ஷோஷோனி, பையூட் முதலான பழங்குடி மக்களின் தாயகம். வெறுமை அங்கே இயற்கையாக அமைந்தது அன்று. வெளியேற்றத்தின் பின் உருவானது. கியூபாவில் பிறந்து 12 வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஆனா மெண்டியேட்டா (1948–1985) நிலத்தை இழப்பதை உள்ளிருந்து அறிந்தவர். 1973 முதல் தம் உடலின் வடிவத்தை மண்ணிலும் புல்லிலும் பூக்களாலும் நெருப்பாலும் பதித்த அவருடைய படைப்புகள், நிலத்தை இழந்தவர் நிலத்தைத் தொடும் முறையைக் காட்டுகின்றன. 1981இல் கியூபா திரும்பி, ஹருகோ பகுதியின் சுண்ணாம்புக் குகைகளில் தைனோ பழங்குடிப் பெண்தெய்வங்களின் பெயர்களில் உருவங்களைச் செதுக்கினார். ஹைசரின் வெட்டுகளோடு ஒப்பிட்டால் இவை அளவில் மிகச் சிறியவை. அந்நிலத்தில் முன்பு யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்வியை எழுப்புவதில் அவற்றைவிடப் பெரியவை.

6. விளைவித்தலும் ஆற்றுதலும்

மூன்றாவது போக்கு நிலத்தைப் பரப்பாகக் கொள்ளாமல் உயிருள்ள செயல்முறையாகக் கொள்கிறது. ஆக்னஸ் டெனஸ் 1982இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில், உலக வர்த்தக மையக் கட்டுமானத்தின்போது தோண்டிய மண்ணால் நிரப்பப்பட்ட வெற்றிடத்தில், இரண்டு ஏக்கர் கோதுமை பயிரிட்டார். சுமார் 200 லாரி மண் கொண்டுவரப்பட்டது. 285 சால்கள் கையால் அமைக்கப்பட்டன. ஆகஸ்டு 16இல் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கோதுமை அறுவடையானது. பல நூறு கோடி டாலர் பெறும் மனையில் கோதுமை விளைவிப்பது உணவு, பசி, நிலமதிப்பு ஆகியவற்றைப் பற்றிய நேரடியான வாதம். ஆனால் வயலுக்கு உரமும் பூஞ்சைக் கொல்லியும் இடப்பட்டன. அறுவடைக்குப் பின் அங்கே கட்டடங்கள் எழுந்தன. சின்னமாக வலுவானது, சூழல் செயலாக எல்லைக்குட்பட்டது என்பதே இதன் சரியான மதிப்பீடு.

டெனஸின் அடுத்த பெரும்பணி இந்த எல்லையைக் கடக்கிறது. பின்லாந்தில் யூலொயார்வி நகருக்கருகே, சரளை எடுத்துச் சிதைந்த நிலத்தில் செயற்கைக் குன்று ஒன்று எழுப்பப்பட்டது. 1992 முதல் 1996 வரையிலான காலத்தில் 11,000 பேர் 11,000 மரங்களைக் கணித ஒழுங்கில் அதன்மீது நட்டனர். நட்டவருக்கும் அவர் வழிவந்தவருக்கும் மரத்தின்மீது உரிமைச் சான்று உண்டு. அவ்விடம் 400 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்படும் என்பது ஏற்பாடு. காவலும் காலமும் படைப்பின் வரைவிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஜோசப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் தொடங்கிய 7,000 ஓக் மரங்களின் நடவும் இவ்வகையே. ஒவ்வொரு மரத்தருகிலும் ஒரு கரும்பாறைத் தூண் நிற்கிறது. 1986இல் அவர் இறந்தார். மறு ஆண்டில் கடைசி மரத்தை அவருடைய மகன் நட்டார். கல் வளராது, மரம் வளரும். இரண்டுக்குமான விகிதம் ஆண்டுதோறும் மாறுகிறது. மரங்களைப் பராமரிப்பது நகரத்தின் பொறுப்பு.

மெல் சின் இன்னும் ஒரு படி செல்கிறார். 1991இல் மினசோட்டா மாநிலம் செயின்ட் பாலில் மாசடைந்த குப்பைமேடு ஒன்றில், வேளாண் அறிவியலாளர் ரூஃபஸ் சேனியோடு சேர்ந்து, மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சும் செடிகளை அவர் நட்டார். ஒரு செடிவகை காட்மியத்தையும் துத்தநாகத்தையும் குறிப்பிடத்தக்க அளவு ஈர்த்தது உறுதியாயிற்று. இது கலைதானா என்ற ஐயத்தால் தேசியக் கலை நிதியம் முதலில் மானியத்தை மறுத்துப் பின் வழங்கியது. மண்ணின் நச்சளவைச் சோதனைக்கூடத்தில் அளந்து காட்ட முடிந்த அரிய கலைப்படைப்பு இது.

ஆனால் இந்தப் போக்குக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதை முன்கூட்டியே சொன்னவர் ஒரு கலைஞர். 1979இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் மாவட்டத்தில் கைவிடப்பட்ட சரளைக் குழியொன்றை ராபர்ட் மாரிஸ் படிகளாலான திறந்தவெளி அரங்காக மாற்றினார். வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளை நினைவாக விட்டுவைத்தார். அதையொட்டி அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. சிதைந்த நிலத்தைக் கலைஞர் மலிவாக அழகுபடுத்திக் கொடுத்தால், சிதைத்தவர் குற்றவுணர்வின்றி அடுத்த நிலத்தைச் சிதைக்கக் கலை துணைபோகாதா? நிறுவனங்கள் தங்கள் சூழல் அக்கறையை விளம்பரப்படுத்தக் கலையை நாடும் இக்காலத்தில் இக்கேள்வியின் வலு கூடியிருக்கிறது.

7. ஒரு மறுப்பும் அதற்கான பதிலும்

கலையை அதன் பயனைக் கொண்டு அளப்பது தவறு; ‘ஸ்பைரல் ஜெட்டி’யின் மதிப்பு அது ஏரிக்குச் செய்த நன்மையில் இல்லை என்று மறுக்கலாம். இம்மறுப்பின் முதற்பகுதி ஏற்கத்தக்கது. ஸ்மித்சனின் சுருள் அழகியல் சாதனை என்பதற்கு ஏரியின் நீர்மட்டம் சான்றாக வேண்டியதில்லை. ஆனால் ஒரு படைப்பு சூழல் சார்ந்தது என்று சொல்வது அழகியல் தீர்ப்பு அல்ல; நிலத்தைப் பற்றிய ஒரு கூற்று. கூற்று என்றால் அதற்குச் சான்று வேண்டும். படைப்பை ரசிப்பதற்கு நிபந்தனை விதிக்கத் தேவையில்லை. அதற்குத் தரப்படும் அடைமொழிக்கு நிபந்தனை தேவை.

8. முடிவு

இதுவரை பார்த்த சான்றுகள் மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. படைப்பு நிலத்திலிருந்து எதை எடுத்தது, எந்த உயிரின் இடத்தை மாற்றியது என்பது முதலாவது. அந்நிலத்தோடு முன்பே உறவு கொண்டிருந்த மக்களை அது காண்கிறதா, மறைக்கிறதா என்பது இரண்டாவது. கலைஞர் அகன்ற பின் அந்நிலத்துக்கு யார் பொறுப்பேற்கிறார் என்பது மூன்றாவது. கல்லா கான்கிரீட்டா, நிலைப்பதா மறைவதா என்ற கேள்விகள் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும்.

இவ்வளவுகோல்களின்படி ஹைசரின் வெட்டுக்குச் சூழல் கலை என்ற பெயர் பொருந்தாது. கோல்ட்ஸ்வர்தியின் மறையும் படைப்புகள் இயற்கையைக் கூர்ந்து பார்க்கப் பழக்கும் கலை. அதற்குமேல் அவற்றின்மீது உரிமைகோரல்களை ஏற்றுவது அவற்றுக்கே நியாயம் அன்று. ‘ஸ்பைரல் ஜெட்டி’ பிறப்பில் சூழல் கலை அல்ல. பின்வந்தவர்களின் தொடர்ந்த கவனத்தால் அப்படி ஆகிக்கொண்டிருப்பது. டெனஸின் குன்றும் பாய்ஸின் மரங்களும் சின்னின் வயலும், மாரிஸின் எச்சரிக்கையை மறக்காதவரை, அப்பெயருக்கு முழுத் தகுதி உடையவை. நிலத்திலிருந்து எடுத்த பொருளால் ஒரு படைப்பு சூழல் கலை ஆவதில்லை. நிலத்துக்குத் தான் ஏற்கும் பொறுப்பாலேயே ஆகிறது.